மரபணுத்தொகைச் சேவைகளின் தாக்கத்தை அளவிடல்

மரபணுத்தொகை ஆய்வுக்குத் தேவையான தரவு வங்கி, பகுப்பாய்வு மென்பொருள், பயிற்சி ஆகியவற்றைப் பொதுவில் வழங்கும் அமைப்புகளின் பயனை மதிப்பிடும் முறை. இதில் கணக்குப் போடுவதைவிடக் கேள்வியைச் சரியாகக் கேட்பதே கடினம். மனித மரபணுத்தொகைத் திட்டத்துக்கு அமெரிக்க அரசு செலவிட்ட 380 கோடி டாலர், 79,600 கோடி டாலர் பொருளாதார விளைவை உண்டாக்கியதாக 2011இல் பேட்டல் நிறுவனம் கணித்தது. ஒரு துறையில் புழங்கிய பணம் முழுவதையும் ஒரே திட்டத்தின் வரவில் எழுதுவது முறையன்று; அத்திட்டம் இல்லாதிருந்தால் எவையெல்லாம் நடந்திருக்காது என்றே கேட்க வேண்டும்.

இங்கிலாந்தின் ஹிங்ஸ்டனில் உள்ள ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனம் பற்றிய 2016 ஆய்வு அக்கேள்வியை நெருங்கியது. ஆண்டுக்குச் சுமார் 4.7 கோடி பவுண்டில் நடந்த சேவைகள், பயனாளருக்கு 100 முதல் 500 கோடி பவுண்டு மதிப்புள்ள உழைப்பை மிச்சப்படுத்தின என்றது. பயனாளர் தாமே சொல்லும் நேரக் கணக்கை எப்படி நம்புவது என்ற மறுப்பு வலுவானதே. மதிப்பீட்டின் அகன்ற வீச்சும் அதையே காட்டுகிறது. ஆனால் அதற்கு மாற்றாக ஆய்வுக் கட்டுரைகளில் வரும் மேற்கோள்களை எண்ணுவது இன்னும் குறைபாடானது. திறந்த தரவை எடுத்தாளும் மருந்து நிறுவனம் பெரும்பாலும் கட்டுரை எழுதுவதில்லை.

உறுதியான சான்று ஒப்பீட்டில் கிடைக்கிறது. மனித மரபணுத்தொகையைத் தனியே வரிசைப்படுத்திய செலேரா நிறுவனம் சில காலம் தன் உரிமையில் வைத்திருந்த மரபணுக்களைப் மனித மரபணுத்தொகைத் திட்டம் பொதுவில் வெளியிட்டவற்றோடு பொருளியலாளர் ஹைடி வில்லியம்ஸ் 2013இல் ஒப்பிட்டார். முன்னவற்றில் பின்தொடர்ந்த ஆய்வும் நோயறி சோதனைகளும் 20 முதல் 30 விழுக்காடு குறைந்திருந்தன.