வாசித்தலும் கிரகித்தலும்: பரீட்சை வரலாற்றில் ஒரு நோக்கு

எழுத்தைக் கூட்டி ஒலித்தலும், அதன் பொருளை மனத்திற் கொள்ளுதலும் வெவ்வேறான இரு செயல்களாம். முன்னையதை வாசித்தல் என்றும், பின்னையதைக் கிரகித்தல் என்றும் நம் பாடசாலைகளில் வழங்குகின்றோம். பரீட்சைகள் இவ்விரண்டில் எதனை அளந்து வந்தன என்பதை ஆராயின், இன்றைய மாணவர் கிரகித்தல் வினாக்களுக்கு விடையளிக்க இடர்ப்படுவதன் காரணம் ஒருவாறு புலனாகும்.

1862ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ரொபேட் லோ என்பார், பரீட்சைப் பெறுபேற்றை நோக்கிப் பாடசாலைகளுக்கு நன்கொடை அளிக்கும் விதிகளை வகுத்தார். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றில் ஒன்றிலே ஒரு பிள்ளை தவறினும் 2 சிலிங் 8 பென்ஸ் குறைக்கப்பட்டது. இதன் விளைவு யாது? வித்தியாதரிசியின் முன் தடையின்றி ஒலிப்பதற்காகவே பிள்ளைகள் பாடநூலை நெட்டுருச் செய்தனர். கவிஞரும் வித்தியாதரிசியுமாகிய மத்தியூ ஆர்னல்ட், மெய்யாகவே வாசிக்க அறியாத பிள்ளையும் இம்முறையில் வாசிப்பிலே தேறிவிடலாகும் என்று தம் அறிக்கையிற் கண்டித்தார்.

இலங்கையிலும் மோர்கன் குழுவினரின் 1867ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் தோன்றியது. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்குப் பெறுபேற்றின்படி பணம் வழங்கும் முறையும் இங்கு வந்து சேர்ந்தது. ஒலிக்கே விலை மதிக்கப்பட்ட காலம் அது.

ஒலியைப் போற்றுதல் எப்போதும் குறையன்று. அட்டாளைச்சேனை முதலான எங்கள் கரையோர ஊர்களிலே பிள்ளைகள் குர்ஆனைத் திருத்தமாக ஓதப் பயில்கின்றனர். அங்கு ஓதுதலே வணக்கமாகும். ஆயினும், பொருளும் மக்களைச் சேரவேண்டும் எனக் கருதிய முன்னோர், அரபு எழுத்திலே தமிழை எழுதும் அரபுத் தமிழை வளர்த்தனர். அரபு எழுத்து மட்டும் அறிந்தோரும் அதன்வழித் தம் தாய்மொழியிற் சமய அறிவைப் பெற்றனர். ஓதுதல் வேறு, உணர்தல் வேறு என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

பொருளுணர்வைத் தனியே அளக்கும் முயற்சி அமெரிக்காவில் வலுப்பெற்றது. 1917இல் எட்வேட் தோண்டைக் என்னும் உளவியலறிஞர், உரைப்பகுதிகளை வாசித்த மாணவர் அளித்த பிழையான விடைகளையே ஆராய்ந்தார். ஒரு சொல் மனத்தில் அளவுக்கு மிஞ்சி ஓங்க, மற்றொன்று உரிய நிறையை இழப்பதாற் பிழை விளைகிறது என்பது அவர் கண்ட முடிபு. வாசித்தலும் ஒருவகைச் சிந்தித்தலே என்றார் அவர்.

இதனை நம்மூர் உதாரணத்தாற் காண்போம். “மாரியில் முகத்துவாரம் அடைபட்டால் வயல்கள் நீரில் மூழ்கும். ஆதலால் விவசாயிகள் அதனை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவர்” என ஒரு பந்தி உளதெனக் கொள்வோம். “விவசாயிகள் எதற்கு அஞ்சினர்?” என்பது வினா. மாணவன் ‘விவசாயிகள்’ என்னும் சொல்லைத் தேடி, அது வரும் இரண்டாம் வாக்கியத்தை அப்படியே பெயர்த்தெழுதுகிறான். விடையோ முதல் வாக்கியத்தில் உள்ளது. ‘ஆதலால்’ என்னும் சொல்லே அதற்குத் திறவுகோல். அச்சொல்லை அவன் வாசித்தான். ஆனால் நிறுத்துப் பார்த்தானில்லை.

இத்தகைய விடைக்குப் பிழைக்குறி இட்டு மாணவனை மந்தனென ஒதுக்குதல் எளிது. ஆனால் சொல்லைத் தேடிப் பெயர்த்தெழுதினாற் போதும் என்னும் பழக்கத்தை அவனுக்கு ஊட்டியது, அதற்கே புள்ளி வழங்கிய நம் வினாக்களன்றோ? ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை எதிர்நோக்கிப் பழைய வினாத்தாள்களையே மீளமீளச் செய்வித்தல், அன்றைய நெட்டுருவின் மறுவடிவமாகும்.

பரீட்சை எதனைக் கேட்கின்றதோ அதனையே வகுப்பறை கற்பிக்கும் என்பது இவ்வரலாறு புகட்டும் பாடம். ஆதலின் ஆசிரியராகிய நாம் ‘யார்’, ‘எங்கே’ என்பவற்றோடு அமையாது, ‘ஏன்’, ‘எதனால் அறிந்தாய்’ என்றும் நாள்தோறும் வினவுதல் வேண்டும். பிழையான விடையை அடித்துவிடுமுன், அது பிறந்த வழியை அப்பிள்ளையிடமே கேட்டறிதல் வேண்டும். அவ்வாறு கேட்கும் வகுப்பிலேதான் வாசித்தல் கிரகித்தலாக மலரும்.