கைமாறிய துப்பாக்கியின் விலை

1980களின் நடுப்பகுதியில் இந்திய அரசு தனியார் துப்பாக்கி இறக்குமதிக்குத் தடை விதித்தது. போட்டிகளில் தகுதிபெற்ற வீரர்க்கு விலக்கு இருந்தது. இறக்குமதிக்குத் தகுதி வேண்டும். தகுதிபெறத் துப்பாக்கி வேண்டும். இவ்விடைவெளியில்தான் பிறரிடமிருந்து கைமாறும் பழைய துப்பாக்கி மதிப்புப் பெற்றது. அதன் விலையைக் குழலின் தேய்மானம் மட்டுமன்றி, தட்டுப்பாடும் தீர்மானித்தது.

புதிய துப்பாக்கியின் விலையோ ஒரு குடும்பத்தின் சொத்துக்கு நிகரானது. ஹைதராபாத்தின் ககன் நரங்குக்குத் துப்பாக்கி வாங்க அவர் தந்தை மனையை விற்றார். குடும்பம் பல்லாண்டு வாடகை வீட்டில் வாழ்ந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில், 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில், நரங் வெண்கலம் வென்றார்.

அவ்வெற்றியால் அவ்விற்பனை வரலாறாயிற்று. விற்க மனையில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழைய துப்பாக்கியே இவ்விளையாட்டின் வாயில். அதுவும் எட்டாமற் போனவர்களின் பெயர்கள் எந்தப் புள்ளிப்பட்டியலிலும் இல்லை.