சீவுளி முனையிற் பொறித்த பெயர்

எழுத்தாவணங்களை விட்டுச் செல்லாதோரின் வரலாற்றை எழுதப் புகும் ஆய்வாளன், அவர்தம் கைகள் பழகிய பொருள்களையே சான்றாகக் கொள்ளவேண்டியவனாகின்றான். தொழிலாளரின் கருவிகள் இத்தகைய சான்றுகளுள் முதன்மையானவை. ஆயினும் அவை நூதனசாலைகளை அடையுமுன், ஏலங்களிலும் பழம்பொருள் விற்பனைகளிலும் விலைமலிந்த குவியல்களாகவே பெரும்பாலும் கிடக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவின் வடகீழ்ப் பகுதியான நியூ இங்கிலாந்தின் பழைய சீவுளிகள், அடிமையாக வைக்கப்பட்டிருந்த ஒரு தொழிலாளியின் வரலாற்றை விளங்கிக்கொள்ள உதவுகின்றமை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

மரச்சீவுளி ஒன்றின் காலத்தை அறிய அதன் நீளம், மரம், விளிம்பு, முத்திரை ஆகிய நான்கும் துணைபுரிகின்றன. கதவு, சட்டம் முதலியவற்றுக்கு அலங்கார விளிம்பு எடுக்கும் சீவுளிகள் 19ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 9½ அங்குல நீளமும் பீச் மரமும் கொண்டனவாய்ப் பெரிதும் ஒரே அமைப்பினவாயின. 18ஆம் நூற்றாண்டு நியூ இங்கிலாந்துச் சீவுளிகளுட் பலவோ 10 அங்குலத்தை அண்மிய நீளமுடையன. மஞ்சட் பேர்ச் மரத்தாலானவை. மேல் விளிம்புகள் அகலமாகச் சரித்துச் சீவப்பட்டவை. செய்தவனின் பெயர் முன்முனையில் உருக்கு அச்சினால் அடிக்கப்பட்டிருக்கும். வழிவழி வந்த உடைமையாளரும் தத்தம் பெயர்களை அதிற் பொறிப்பதுண்டு. வெவ்வேறு ஊர்களிற் கிடைத்த சீவுளிகள் பலவற்றில் ஒரே பெயர் ஒரே அச்சாகக் காணப்படின் அது செய்தவனின் பெயரெனத் துணியலாம். ஒரு பெட்டியிலுள்ள பலவகைக் கருவிகளிலும் காணப்படின் அது உடைமையாளனின் பெயராதல் கூடும்.

மசாசூசெற்ஸ் மாநிலத்து ரென்தம் என்னும் ஊர்ப்பெயர் தாங்கிய சீவுளிகளிற் காணப்படும் பெயர்களுள் இரண்டு ஈண்டு நோக்கத்தக்கன. ஒன்று பிரான்சிஸ் நிக்கல்சன். மற்றையது சீசர் செலர். அமெரிக்கக் குடியேற்றங்களிற் பெயரறியப்பட்ட சீவுளி செய்வோருள் மிக முந்தியவராக நிக்கல்சன் கருதப்படுகின்றார். செலர் அவரிடம் அடிமையாக இருந்த ஆபிரிக்க வமிசத்தவர். 1753இல் நிக்கல்சன் இறந்தபோது, அவரது மரணசாசனம் செலருக்கு விடுதலையையும் கருவிகளையும் நிலத்தையும் அளித்தது. 1784இல் மறைந்த செலர் செய்த சீவுளிகளில் ‘சீ. செலர், ரென்தமில் வாழ்பவர்’ எனப் பொருள்படும் முத்திரை காணப்படுகின்றது.

இம்முத்திரைகளை வாசிப்பதில் எச்சரிக்கை வேண்டும். அடிமையின் உழைப்பும் அதன் பயனும் எசமானுக்கே உரியனவாகக் கொள்ளப்பட்ட சமூகத்தில், செலரின் கைகள் உருவாக்கிய சீவுளிகளும் நிக்கல்சனின் பெயரிலேயே விலைப்பட்டிருக்கும் எனக் கருதுவது பொருந்தும். ஆகவே முத்திரை பட்டறையின் உடைமையைக் காட்டுமேயன்றி, உழைத்த கையை எப்போதும் காட்டாது. அடிமைமுறை மாநில அரசியலமைப்புக்கு ஒவ்வாதென மசாசூசெற்ஸ் நீதிமன்றம் கொண்டது 1783இலேயாகும். அதற்கு 30 ஆண்டுகள் முன்னரே விடுதலை பெற்ற ஒருவர் தம் பெயரையும் ஊரையும் மரத்தில் அடித்தமை வெறும் வணிகக் குறியன்று. தம் உழைப்புக்குத் தாமே உரியவர் என்பதற்கான சாட்சியுமாகும்.

இன்று இப்பெயர் தாங்கிய சீவுளிகள் உயர்ந்த விலை பெறுகின்றன. உயர்ந்த விலையோ போலிகளுக்கும் இடமளிக்கும். பழைய முத்திரையின் ஓரங்கள் சூழவுள்ள மரத்தோடு ஒக்கத் தேய்ந்து, பள்ளங்கள் ஒக்கக் கறுத்திருக்கும். புதிதாகக் குத்தப்பட்டதில் இவ்வொற்றுமை இராது. மணற்றாளால் தேய்த்து அழகுபடுத்துவோர் அழுக்கோடு இச்சான்றையும் அகற்றிவிடுகின்றனர். பழம்பொருட் குவியலிற் சீவுளியொன்றைக் கண்டெடுப்பவர், அதன் முனையைத் துடைப்பதற்கு முன்னர் வாசித்தல் வேண்டும்.