வாடகையும் வறுமையும்: பம்பாய் நகரின் ஒற்றையறை வரலாறு

வறுமையினால் மக்கள் குடிசைகளில் வாழ்கின்றனர் என்பது எவரும் எளிதில் ஏற்றுக்கொள்ளும் கூற்று. குடியிருப்பின் விலையே மக்களை வறியவராக்குகிறது என்பது அக்கூற்றின் மறுபாதி. முதற்பாதியை மட்டும் நம்பும் அரசு, குடிசையை அகற்றினால் வறுமையும் அகன்றுவிடும் என்று கருதும். மறுபாதியையும் உணர விரும்புவோர்க்கு, 1995இல் மும்பை எனப் பெயர் மாறிய பம்பாய் நகரின் வரலாறு ஒரு திறந்த ஏடாகும். அந்நகரில் ஏழைகளின் வீட்டுக்கென வகுக்கப்பட்ட திட்டங்கள் பெரும்பாலும் அறைகளை எண்ணின. அவ்வறைகளில் குடியேற வேண்டியவரின் கூலியையும், அவர் வேலைக்கு நடக்க வேண்டிய தொலைவையும் எண்ணத் தவறின.

கொள்ளைநோயும் இடிப்பும்

1896 செப்டம்பரில், துறைமுகத்தை அடுத்த மாண்ட்வி பகுதியில் பிளேக் நோய் பரவியிருப்பதை மருத்துவர் அகாசியோ வியேகாஸ் கண்டறிந்து அறிவித்தார். ஆலைத் தொழிலாளரும் சுமை தூக்குவோரும் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பினர். 1891இல் 8,21,764 ஆக இருந்த நகரின் மக்கள்தொகை, 1901இல் 7,76,006 ஆகக் குறைந்தது. வணிகம் நிலைகுலைவதைக் கண்ட அரசு, 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்டை நிறுவியது. முஸ்லிம்களும் யூதரும் பிறரும் நெருங்கி வாழ்ந்த நாக்பாடா, அது முதலில் கைவைத்த பகுதிகளுள் ஒன்று. பிரின்ஸஸ் வீதி, சாண்ட்ஹர்ஸ்ட் சாலை ஆகிய அகன்ற வீதிகள் அதன் பணியால் உருவாயின.

வீதிகள் அகன்றதை மறுப்பதற்கில்லை. ஆனால் இடித்த வேகத்தில் புதிய அறைகள் எழவில்லை. வீடிழந்தவர், தம் வேலையை விட்டு விலக இயலாமையால், அடுத்த தெருவிலேயே அறை தேடினர். ஏற்கெனவே நிரம்பியிருந்த அறைகளில் மேலும் சிலர் புகுந்தனர், வாடகை ஏறிற்று. நெரிசலை ஒழிக்க வந்த திட்டம் நெரிசலை இடம் மாற்றி வைத்தது.

ஏழு விழுக்காட்டின் பொருள்

1921–22ஆம் ஆண்டுகளில் பம்பாய் அரசின் தொழிலாளர் அலுவலகம், ஃபிண்ட்லே ஷிர்ராஸ் என்பார் தலைமையில், தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவை ஆராய்ந்தது. அக்குடும்பங்களில் 97 விழுக்காடு ஒற்றையறையில் வாழ்ந்தன. குடும்பச் செலவில் வாடகையின் பங்கு 7.7 விழுக்காடுதான். இவ்வெண்ணைக் கண்டு வாடகை ஒரு சுமையே அன்று என முடிவு கட்டுவது பிழையாகும். செலவில் பாதிக்கு மேல் உணவே விழுங்கிவிட்ட குடும்பம், வாடகைக்கு அதற்குமேல் ஒதுக்க இயலாதிருந்தது. ஒதுக்கிய அச்சிறு தொகை காற்றும் வெளிச்சமும் அற்ற ஓர் அறையை, சில வேளை அறையின் ஒரு மூலையை மட்டுமே வாங்கித் தந்தது. கொடுக்க முடியாத எஞ்சிய வாடகையைத் தொழிலாளி தன் உடலால் கொடுத்தான் எனலாம்.

அதற்குரிய சான்று 1921ஆம் ஆண்டின் குழந்தை இறப்புக் கணக்கில் உள்ளது. ஒற்றையறைக் குடியிருப்புகளில் பதிவான 1000 பிறப்புக்கு 800க்கும் மேற்பட்ட சிசு மரணங்கள் குறிக்கப்பட்டன. நான்கு அறையும் அதற்கு மேலும் உள்ள வீடுகளில் அது 150ஐ எட்டவில்லை. ஏழைப் பெண்கள் பலர் மகப்பேற்றுக்குச் சொந்த ஊர் சென்று குழந்தையுடன் திரும்பியதால், பிறப்பு ஊரிலும் இறப்பு நகரிலும் பதிவாகி முதல் எண் மிகைப்பட்டது உண்மை. எனினும் அத்துணைப் பெரிய இடைவெளியை அவ்வொரு காரணம் முற்றும் விளக்கிவிடாது.

தொலைவில், மலிவான இடத்தில் குடியேறாமல் தொழிலாளர் ஏன் அந்த அறைகளில் அடைந்து கிடந்தனர்? வரலாற்றறிஞர் ராஜ்நாராயண் சந்தாவர்க்கர் 1994இல் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகிறது. நிரந்தர வேலையற்ற ‘பத்லி’ தொழிலாளி நாள்தோறும் காலையில் ஆலை வாயிலில் நின்றாக வேண்டும். ‘ஜாபர்’ எனப்பட்ட மேஸ்திரியின் கண்ணில் பட்டால்தான் அன்றைய வேலை உண்டு. கூலியோ மாதம் முடிந்து பல நாள் கழித்தே கைக்கு வரும். அதுவரை மளிகைக் கடைக்காரர் கடன் தரவேண்டும். அக்கடன் அத்தெருவில் குடியிருப்பவனுக்கே கிடைக்கும். ஆகவே அறை என்பது வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கும் இடம் மட்டுமன்று. வேலைக்கும் கடனுக்கும் உரிய அனுமதிச் சீட்டாகவும் இருந்தது. அதை இழப்பவன் மூன்றையும் இழந்தான்.

அதே ஆய்வில் 47 விழுக்காட்டுக் குடும்பங்கள் கடனில் இருந்தன. மாதத்திற்கு ரூபாய்க்கு ஓர் அணா என்பது வழக்கமான வட்டி. ஆண்டுக் கணக்கில் 75 விழுக்காடு. பத்தாண்டு கழித்து, உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவே, 1932–33இல் மீண்டும் ஆராய்ந்தபோது வாடகையின் பங்கு 12.8 விழுக்காடாக உயர்ந்திருந்தது. உணவுப் பொருள்களின் விலை சரிந்தது, வாடகை இறங்கவில்லை. மலிந்த தானியத்தால் தொழிலாளிக்கு மிஞ்சியிருக்க வேண்டியதில் ஒரு பகுதி வீட்டுக்காரருக்குப் போய்ச் சேர்ந்தது.

காலியாகக் கிடந்த அறைகள்

இதற்கிடையே அரசு வாளாவிருந்தது என்று கூற இயலாது. ஆளுநர் ஜார்ஜ் லாய்டு காலத்தில், 1920இல் பம்பாய் வளர்ச்சித் துறை தோன்றியது. 50,000 ஒற்றையறைகள் கட்டுவது அதன் இலக்கு. பருத்திப் பொதிக்கு ஒரு ரூபாய் வீதம் விதித்த வரி அதற்கு நிதியாயிற்று. இறுதியில் வோர்லி, நாய்காவ், டிலைல் சாலை, சிவ்ரி ஆகிய இடங்களில் 207 ‘சால்’ கட்டடங்கள் எழுந்தன. கட்டடத்துக்கு ஏறத்தாழ 80 அறைகள். இலக்கில் மூன்றில் ஒரு பங்கே நிறைவேறியது. அவற்றிலும் வோர்லிப் பகுதியின் அறைகள் பல ஆண்டுகள் காலியாகக் கிடந்தன. வாடகை மிகுதி, இடமோ தொலைவு. 1930இல் சட்டமறுப்பு இயக்கக் கைதிகளை அடைக்கும் தற்காலிகச் சிறையாக அக்கட்டடங்களுள் சில பயன்பட்டன. வீடில்லா மக்கள் நிறைந்த நகரில் வீடுகள் சிறையாயின.

அரசு கட்டிய அறைகள் ஆளின்றிக் கிடக்க, எவரும் கட்டித் தராத குடியிருப்பொன்று நகரின் வடவெல்லையில் வளர்ந்து வந்தது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் தாராவியில் தோல் பதனிடும் தொழிலில் வேரூன்றினர். அங்குள்ள பெரிய பள்ளிவாசல் 1887ஆம் ஆண்டைச் சேர்ந்தது எனப்படுகிறது. மாஹிம் கழிமுகத்தின் சதுப்பை வறியோர் தம் கையால் தூர்த்து நிலமாக்கினர். நகரம் வடக்கே பரவியபோது, அவர்கள் உண்டாக்கிய நிலமே நகரின் நடுவிடமாகிப் பெருவிலை பெற்றது. பின்னாளில் வகுக்கப்பட்ட விதிகளின்படி, 2000 ஜனவரி 1க்கு முன் குடியேறியதை மெய்ப்பிப்பவர்க்கே இலவச மாற்று வீடு. நிலத்தை ஆக்கியவரின் வழித்தோன்றல்களும் தாளைக் காட்டித் தம் உரிமையை நிறுவ வேண்டியதாயிற்று.

உறைந்த வாடகை

வாடகையைச் சட்டத்தால் கட்டுப்படுத்தும் முயற்சி 1918இலேயே தொடங்கியது. 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் அளவில் உறையச் செய்தது. இச்சட்டம் இலட்சக்கணக்கான குடும்பங்களைத் தெருவுக்கு வராமல் காத்தது என்பதை மறக்கலாகாது. ஆயின் அது உள்ளே இருப்பவரைக் காத்ததேயன்றி, வெளியே நிற்பவருக்குக் கதவு திறக்கவில்லை. புதிதாக வருபவர் ‘பக்டி’ என்னும் பெருந்தொகையை இரகசியமாகக் கொடுத்தே அறை பெற முடிந்தது. வாடகை வருவாய் பழுதுபார்க்கவும் போதாமையால் உரிமையாளர் கட்டடங்களைக் கைவிட்டனர். 1969இல் பழுதுபார்ப்பு வாரியச் சட்டம் வந்தபோது அதன் வரம்புக்குள் வந்த பழைய கட்டடங்கள் 19,642. 2017 ஆகஸ்டில் பெண்டி பஜாரில் அத்தகைய பழங்கட்டடம் ஒன்று இடிந்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வெளியேறினால் அந்த வாடகைக்கு அவ்வட்டாரத்தில் வேறு அறை கிடையாது என்பதை அறிந்தவர், இற்றுப்போன கூரையின் கீழும் தங்கிவிடுகின்றனர்.

நடைபாதையின் விலை

அறையும் கிட்டாதவர் நடைபாதைக்கு வந்தனர். நடைபாதையும் இலவசமன்று. 1981இல் உச்ச நீதிமன்றத்தை நாடியவர்களுள் ஒருவர், வறட்சியால் வேலையிழந்து 1961இல் சேலத்திலிருந்து பம்பாய் சென்ற நிலமற்ற தொழிலாளி. நாளொன்றுக்கு 23 ரூபாய் கூலி பெற்ற அவரிடம், மேற்கு விரைவு நெடுஞ்சாலையின் ஓரத்தில் பிளாஸ்டிக் விரிப்பும் கித்தானும் கொண்ட ஒரு மறைப்புக்காகக் குடிசை ஆதிக்கக்காரன் ஒருவன் பறித்த தொகை 2,500 ரூபாய். கணக்கிட்டால் 108 நாள் உழைப்புக்கும் மேல். 1981 ஜூலையில் மாநகராட்சி அதனை இடித்து, குடும்பத்தைச் சேலத்துக்குப் பேருந்தேற்றியது. மனைவி மக்கள் ஊரில் தங்க, அவர் மட்டும் வேலை தேடிப் பம்பாய்க்குத் திரும்பி, மீண்டும் நடைபாதையிலேயே குடிபுகுந்தார். வறுமை அவரை நடைபாதைக்குக் கொண்டு வந்தது; நடைபாதை அவருடைய கூலியைப் பறித்தது; இடிப்பு அவருடைய குடும்பத்தைப் பிரித்தது.

ஓல்கா டெல்லிஸ் வழக்கு என அறியப்படும் இவ்வழக்குகளில், தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான அரசியல்சாசன அமர்வு 1985 ஜூலை 10இல் தீர்ப்பளித்தது. வாழ்வாதார உரிமை வாழ்வுரிமையின் பகுதியே. வேலைக்கு அருகில் வாழ்வதாலேயே இம்மக்கள் பிழைக்கின்றனர் என நீதிமன்றம் ஏற்றது. ஆயினும் முறைப்படி அறிவித்து, மழைக்காலம் முடிந்தபின் அகற்றத் தடையில்லை என்றும் கூறியது. கொள்கை ஏழைக்குக் கிடைத்தது. நடைபாதை மாநகராட்சிக்குக் கிடைத்தது. அக்காலத்தில் பைகுல்லா நடைபாதைவாழ் பெண்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள், ‘மஹிளா மிலன்’ என்னும் அமைப்பில் ஒன்றுகூடி, சிறுசேமிப்பின் வழியே தம் வீட்டைத் தாமே திட்டமிட முற்பட்டது குறிப்பிடத்தக்கது.

வக்ஃபும் வீடும்

இவ்வரலாற்றில் நம் சமுதாயத்திற்கும் ஒரு பாடம் உண்டு. பம்பாயின் மேமன், கோஜா, போரா, கொங்கணி முஸ்லிம் செல்வர்கள் முஸாபிர்கானாக்களையும் ஏழையர் குடியிருப்புகளையும் அறமாக வழங்கியவர்கள். ஹஜ் பயணிகளுக்காக எழுந்த ஹாஜி சாபு சித்தீக் முஸாபிர்கானா இன்றும் அவர்தம் கொடைக்குச் சான்றாக நிற்கிறது. குடியிருக்கும் வீட்டை ‘ஹாஜத் அஸ்லிய்யா’, அதாவது அடிப்படைத் தேவை, எனக் கொண்டு, ஜகாத் கணக்கிலிருந்து விலக்கினர் ஹனஃபி ஃபிக்ஹு அறிஞர்கள். வீட்டைச் செல்வமாகவன்றித் தேவையாகக் கண்ட பார்வை அது.

நகரின் நடுவே வக்ஃபு நிலம் வைத்திருக்கும் ஜமாஅத்தினர் இப்பார்வையை நினைவிற்கொள்வது நன்று. அந்நிலத்தில் எழும் வணிக வளாகம் மிகுந்த வருவாய் தரலாம். அவ்வருவாயிலிருந்து ஏழைக்கு மாதந்தோறும் உதவித்தொகையும் வழங்கலாம். அத்தொகையோ பெரும்பாலும் வாடகையாக மாறி வேறொருவர் கைக்குப் போய்விடும். வேலைக்கு நடந்து செல்லும் தொலைவில், கூலிக்கு ஏற்ற வாடகையில் ஓர் அறை தருவோமாயின், அவ்வறை ஏழையின் வருவாயை அவனிடமே தங்கச் செய்யும். தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொள்ளும் அளவுக்கேனும் அவ்வாடகை அமையவும் வேண்டும். உறைந்த வாடகையின் கதை அதனையும் கற்பிக்கிறது. கூலி, தொலைவு, வாடகை ஆகிய மூன்றையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்தல் வேண்டும். வோர்லியில் அறை காலியாகவும், நாக்பாடாவில் நெரிசல் மிகுந்தும் இருந்ததற்கு அக்கணக்கு போடப்படாமையே காரணம்.