உழைப்பாளர் எழுப்பிய மருத்துவமனை

பிலாய் ஊதுலைகளில் உருகும் இரும்புத் தாது தல்லி-ராஜராக் குன்றுகளிலிருந்து வருகிறது என்பதை எஃகு நகரில் வாழும் நம் குழந்தைகளும் அறிவர். ஆனால் அத்தாதுவை வெட்டிய கரங்களே ஒரு மருத்துவமனையையும் எழுப்பின என்பதை நம்மில் அறிந்தோர் சிலரே. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூற முற்படுகிறேன்.

1959-ல் பிலாயின் முதல் ஊதுலை கனன்றது. அதற்கு இரை தந்த சுரங்கங்களில் பல்லாயிரவர் ஒப்பந்தக் கூலிகளாகக் கையால் பாறை உடைத்தனர். அவர்களுட் பலர் பழங்குடியினர், பெண்களும் மிகுதி. நிரந்தர ஊழியருக்குக் கிட்டிய மருத்துவ வசதி இவர்களுக்கு முறையாகக் கிட்டவில்லை. 1977-ல் இவர்கள் தமக்கெனச் சங்கம் கண்டனர். பிலாய் ஆலையில் முன்பு பணியாற்றிய சங்கர் குஹா நியோகி அதற்குத் தலைமை ஏற்றார். அவ்வாண்டு ஜூன் 2, 3 தேதிகளில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் பதினொருவர் மாண்டனர்.

கூலி உயர்ந்தது, கூடவே குடியும் வளர்ந்தது. சங்கம் மதுவை எதிர்த்துப் பெரும் இயக்கம் நடத்தியது. கூலியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருத்தல் போதாது, உடல்நலமும் சங்கத்தின் கவலையே என்ற எண்ணம் வேரூன்றியது. இந்நிலையில், சங்கத்தின் துணைத்தலைவியாக விளங்கிய குசும்பாய் உரிய சிகிச்சை கிட்டாமல் பிரசவத்தில் உயிர்நீத்தார். அத்துயரமே உறுதியாக மாறியது. தாய்மாருக்கென நமக்கே ஓர் இடம் வேண்டும் எனத் தொழிலாளர் தீர்மானித்தனர்.

ஆசிஷ் குண்டு, பினாயக் சென், சைபால் ஜானா முதலிய இளம் மருத்துவர்கள் இப்பணிக்கு வந்து சேர்ந்தனர். 1982-ல் சிறியதொரு மருந்தகம் தொடங்கிற்று. சுரங்க வேலை முடித்து வந்த தொழிலாளரே காயம் கட்டவும் மருந்து கொடுக்கவும் பயின்று தொண்டர்களாயினர். அதே வேளையில் புதுக் கட்டடமும் எழுந்தது. வெளியார் நிதியை நாடவில்லை. பணம் அவர்களுடையது, கல்லும் மண்ணும் சுமந்த தோள்களும் அவர்களுடையவையே.

1983 ஜூன் 3-ஆம் நாள், மாண்டோரின் நினைவாக, 'ஷஹீத் மருத்துவமனை' 15 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. திறந்துவைக்க அமைச்சர் எவரையும் அழைக்கவில்லை. முதிய சுரங்கத் தொழிலாளி ஒருவரும் முதிய உழவர் ஒருவருமே அச்சிறப்பைப் பெற்றனர்.

தேவையற்ற ஊசியும் விலையுயர்ந்த மருந்தும் இங்கே தவிர்க்கப்பட்டன. வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரே முதல் மருந்து என்பதை வீடுதோறும் கற்பித்தனர். மருந்தின் பெயரைக் கூறுவதோடு நில்லாமல் நோயின் காரணத்தையும் விளக்கினர். சுற்றுக் கிராமத்து உழவரும் திரண்டு வந்தனர். கட்டடம் விரிந்தது, படுக்கைகள் பன்மடங்காயின.

1991 செப்டம்பர் 28 அன்று பிலாயில் உறங்கிக்கொண்டிருந்த நியோகி சுட்டுக் கொல்லப்பட்டார். தலைவர் மறைந்தார்; ஆயினும் மருத்துவமனையின் கதவு மூடப்படவில்லை. ஒருவரை நம்பி எழுந்த கட்டடம் அவரோடு சாய்ந்திருக்கும். இதுவோ பலர் தோள் கொடுத்து எழுப்பியது, ஆதலின் நின்றது.

பிறந்த மண்ணை விட்டு வந்து இம்மண்ணின் உப்பை உண்ணும் நாம், நம் எஃகு நகரின் பெருமையைப் பேசும்போதெல்லாம், தாது வெட்டியோரின் இப்பெருமையையும் சேர்த்துப் பேசுதல் கடமையாகும்.