பெட்டியோடு வரும் விசிறி: ப்ராசஸர் கூலர்களின் கதை

சொந்தமாகக் கணினி அசெம்பிள் செய்யத் தொடங்கும் எவரும் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி இது: ப்ராசஸர் பெட்டிக்குள் இலவசமாக வரும் கூலர் போதுமா, இல்லை தனியாக ஒன்று வாங்க வேண்டுமா?

யூடியூபில் இதற்கு எத்தனையோ பதில்கள் கிடைக்கும். பெரும்பாலானவை "போதும்" அல்லது "போதாது" என்று முடிந்துவிடும். ஆனால் இந்தக் கேள்விக்கான பதில் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. 1981இல் இந்தக் கேள்வியே கிடையாது. 2001இல் கூலர் கழன்றால் ப்ராசஸர் செத்துப்போகும். இன்று கூலர் போதாவிட்டால் ஒன்றுமே ஆகாதது போலத்தான் இருக்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் ஒரு பகுதி மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போகும். இது எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால், கடையில் எந்தப் பெட்டியை எடுத்தாலும் பதிலை நீங்களே சொல்லிவிடலாம்.

பேச வசதியாக இரண்டு பெயர் வைத்துக்கொள்வோம். ப்ராசஸர் செய்யும் நிறுவனமே பெட்டிக்குள் வைத்துத் தருவது ஸ்டாக் கூலர். வேறு நிறுவனம் செய்து, நாம் தனியாக வாங்குவது தனிக் கூலர்.

விசிறியே இல்லாத காலம்

ஐபிஎம் 1981 ஆகஸ்டில் வெளியிட்ட முதல் பிசியில் இருந்தது இன்டெல் 8088 ப்ராசஸர். வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அதன் தலையில் விசிறியும் இல்லை, உலோகத் தகடும் இல்லை. பவர் சப்ளைக்குள் ஓடிய ஒரு விசிறியின் காற்று மொத்தப் பெட்டிக்கும் போதுமானதாக இருந்தது.

நிலைமை மாறியது 1990களின் தொடக்கத்தில். வேகமான 486 ப்ராசஸர்களின் மேல் சிறிய அலுமினியத் தகடுகள் உட்காரத் தொடங்கின. 1993 மார்ச்சில் முதல் பென்டியம் வந்தது. 31 லட்சம் டிரான்சிஸ்டர்கள், 5 வோல்ட் மின்னழுத்தம், 66 மெகாஹெர்ட்ஸ் வரை வேகம். அது வெளியிட்ட வெப்பம் சுமார் 15 வாட். இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஒரு தபால்தலை அளவு இடத்தில் 15 வாட் என்பது அன்று எல்லோரையும் பயமுறுத்திய எண். அடுத்த ஆண்டே இன்டெல் மின்னழுத்தத்தை 3.3 வோல்ட்டுக்குக் குறைத்தது.

ஏன் மின்னழுத்தத்தைக் குறைத்தார்கள்? ஒரு சின்னக் கணக்கை மனதில் வையுங்கள், கடைசிவரை உதவும். ப்ராசஸரின் வேகத்தை 2 மடங்காக்கினால் வெப்பமும் ஏறக்குறைய 2 மடங்காகும். மின்னழுத்தத்தை 2 மடங்காக்கினால் வெப்பம் 4 மடங்காகும்.

இந்தக் காலத்தில்தான் ஸ்டாக் கூலர் பிறந்தது. கணினி நிறுவனங்களுக்கு ப்ராசஸர்கள் தட்டுத் தட்டாகப் போகும்; கூலரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கடையில் ஒன்று வாங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு, கூலரும் உத்தரவாதமும் சேர்த்துப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். ஸ்டாக் கூலர் மோசமான பொருள் என்று நினைக்க வேண்டாம். "இந்த ப்ராசஸர் இத்தனை வாட் வெளியிடும்" என்று நிறுவனம் ஓர் எண்ணைக் குறிக்கிறது. அதுதான் டிடிபி. அந்த எண்ணைச் சமாளிக்கக்கூடிய, மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய கூலர்தான் ஸ்டாக் கூலர். அதற்கு மேல் 1 வாட் கூட அது வாக்குக் கொடுக்கவில்லை.

செலெரான் 300ஏ செய்த கலகம்

அந்த வாக்கைத் தாண்டிப் போக ஆசைப்பட்டவர்கள்தான் தனிக் கூலர் சந்தையை உருவாக்கினார்கள். அவர்களுக்குக் கிடைத்த பெரிய பரிசு, 1998 ஆகஸ்டில் வந்த இன்டெல் செலெரான் 300ஏ. அது மலிவு விலை ப்ராசஸர். மதர்போர்டின் 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை 4.5ஆல் பெருக்கி 300இல் ஓடும். மதர்போர்டில் அந்த 66ஐ 100 என்று மாற்றினால்? 450 மெகாஹெர்ட்ஸ். அன்று இன்டெலின் விலை உயர்ந்த பென்டியம் 2 ஓடிய அதே வேகம். நிறைய செலெரான்கள் இதைத் தாங்கின.

ஆனால் வேகம் ஒன்றரை மடங்கானால் வெப்பமும் ஒன்றரை மடங்கு. சில சில்லுகள் நிலையாக ஓட மின்னழுத்தத்தையும் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருந்தது. அப்போது வெப்பம் இன்னும் கூடும். ஆகவே ஜப்பானின் ஆல்ஃபா முதல் தைவான் நிறுவனங்கள் வரை செய்த பெரிய ஹீட்சிங்குகளை இளைஞர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். சில பத்து டாலர் கூலரால் சில நூறு டாலர் மிச்சம் என்பதே கணக்கு.

புகைந்த அத்லான்

2000 ஜூனில் ஏஎம்டி, தண்டர்பேர்ட் என்ற புதிய அத்லானைக் கொண்டுவந்தது. அதன் சிலிக்கான் துண்டு மேலே மூடியில்லாமல் வெளியே தெரியும். கூலரின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மாட்ட வேண்டும். கொஞ்சம் சாய்த்து அழுத்தினால் சிலிக்கானின் மூலை உடையும். ஸ்க்ரூடிரைவர் வழுக்கினால் மதர்போர்டு கீறும். 1.4 கிகாஹெர்ட்ஸ் அத்லான் 72 வாட் வரை வெளியிட்டது. அதைக் குளிர்விக்க 60 மில்லிமீட்டர் விசிறிகள் நிமிடத்துக்கு 7000 சுற்று வரை சுற்றின. அறையில் வாக்யூம் க்ளீனர் ஓடுவது போலிருக்கும்.

2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் தளம் ஒரு வீடியோ வெளியிட்டது. குவேக் 3 விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ப்ராசஸரின் மேலிருந்த கூலரைக் கழற்றி எடுத்தார்கள். அத்லான் சில நொடிகளில் புகைந்து செத்தது. பென்டியம் 4 சாகவில்லை. தன் சூட்டைத் தானே அளந்து, வேகத்தைக் குறைத்துக்கொண்டு, நத்தை போல ஆட்டத்தைத் தொடர்ந்தது. கூலரைத் திரும்ப வைத்ததும் பழைய வேகத்துக்கு வந்தது.

அந்த வீடியோவைப் பார்த்தவர்களுக்கு அது பாதுகாப்பு விஷயமாகப் பட்டது. 2003இல் வந்த அத்லான் 64, சிலிக்கானுக்கு மேல் உலோக மூடியோடு வந்தது. சூட்டை அளந்து காத்துக்கொள்ளும் வசதி எல்லா ப்ராசஸர்களுக்கும் பரவியது. ஆனால் இதில் இன்னொன்றும் ஒளிந்திருந்தது. கூலர் போதாதபோது ப்ராசஸர் சாகாமல் மெதுவாகும் என்றால், கூலர் போதவில்லை என்பதே நமக்குத் தெரியாமல் போகலாம்.

இட்லிப் பானையின் தத்துவம்

தனிக் கூலர்கள் முதலில் எடையை நம்பின. செம்பு, அலுமினியத்தைவிட ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு நன்றாக வெப்பம் கடத்தும். ஆனால் 3 மடங்குக்கு மேல் கனம். கொரியாவின் ஸால்மன் நிறுவனம் 2003 வாக்கில் விற்ற, பூ விரிந்தது போன்ற செம்புக் கூலர் முக்கால் கிலோவுக்கு மேல் இருந்தது. பென்டியம் 4 கூலருக்கு இன்டெல் வைத்திருந்த எடை வரம்போ 450 கிராம். அந்த வழியில் இனி அதிகம் போக முடியாது.

விடை ஏற்கெனவே இருந்தது: வெப்பக் குழாய். ஜெனரல் மோட்டார்ஸின் ரிச்சர்ட் காக்லர் 1944இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். 1963இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் க்ரோவர் அதைத் தனியாகக் கண்டுபிடித்துச் செய்து காட்டினார். விண்கலங்களுக்கும் பிறகு லேப்டாப்புகளுக்கும் பயன்பட்டு, கடைசியில் நம் மேசைக் கணினிக்கு வந்தது.

வீட்டில் இட்லி வேகும்போது மூடியைத் திறந்து பார்த்திருப்பீர்கள். அடியில் தண்ணீர் சூட்டை வாங்கி ஆவியாகிறது. ஆவி மேலே போய் மூடியில் பட்டு, சூட்டை அங்கே கொடுத்துவிட்டுத் துளியாகிச் சொட்டுகிறது. வெப்பக் குழாயும் அதேதான். செம்புக் குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர், காற்று உறிஞ்சப்பட்டிருப்பதால் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். ப்ராசஸர் பக்கம் ஆவியாகி, தகடுகள் பக்கம் குளிர்ந்து துளியாகும். உட்சுவரில் உள்ள நுண்துளைச் செம்பு, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அந்தத் தண்ணீரைத் திரும்ப இழுத்து வரும். திட செம்பைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடு நகரும்.

இதனால் கூலர் கோபுரமாக உயர முடிந்தது. கூலர் மாஸ்டரின் ஹைப்பர் 212 வரிசை 4 குழாய்களும் 120 மில்லிமீட்டர் விசிறியுமாக சுமார் 30 டாலருக்கு விற்று, ஒரு தலைமுறைக்கே முதல் தனிக் கூலராக இருந்தது. ஆஸ்திரியாவின் நோக்டுவா 2014இல் வெளியிட்ட என்எச்-டி15இல் 2 கோபுரம், 6 குழாய், 140 மில்லிமீட்டர் விசிறிகள் 2; உயரம் 165 மில்லிமீட்டர். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினாலே போதும் என்பதால் சத்தமும் அடங்கியது.

2004: முட்டுச்சந்து

இதற்கிடையே ப்ராசஸர்கள் சுவரில் மோதின. டிரான்சிஸ்டர் சிறிதானால் அதற்குத் தேவையான மின்சாரமும் அதே அளவில் குறையும் என்று 1974இல் ஐபிஎம்மின் ராபர்ட் டெனார்டும் அவருடைய குழுவினரும் காட்டியிருந்தார்கள். 30 ஆண்டுகள் அந்த விதி காப்பாற்றியது. 2004 பிப்ரவரியில் இன்டெலின் ப்ரெஸ்காட் பென்டியம் 4 வந்தபோது விதி உடைந்தது. டிரான்சிஸ்டர்கள் அவ்வளவு சிறிதாகிவிட்டதால், அணைத்து வைத்தபோதும் அவற்றின் வழியே மின்சாரம் கசிந்தது. 3.4 கிகாஹெர்ட்ஸ் ப்ரெஸ்காட்டின் டிடிபி 103 வாட்.

அந்த ஆண்டு மே மாதம் இன்டெல் அடுத்த ப்ராசஸர் திட்டத்தையே கைவிட்டது. அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐயும் கைவிட்டது. தலைவர் கிரெய்க் பாரெட் ஒரு மாநாட்டு மேடையில் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டார். அதே 2004இல் ஆப்பிள் தன் 2.5 கிகாஹெர்ட்ஸ் பவர் மேக் ஜி5க்குள் திரவக் குளிர்விப்பையே ஸ்டாக்காக வைத்தது.

வேகத்தை ஏற்ற முடியாததால் கோர்களைக் கூட்டினார்கள். 2006இன் கோர் 2 டுவோ 65 வாட்டுக்கு இறங்கியது. அதன் ஸ்டாக் கூலர் பலருக்கும் உண்மையிலேயே போதுமானதாக இருந்தது.

65 என்று எழுதியிருக்கும், 202 இழுக்கும்

2008இல் இன்டெல் முதல் கோர் ஐ7இல் டர்போ பூஸ்ட் கொண்டுவந்தது. சூட்டுக்கு இடம் இருந்தால் ப்ராசஸர் தானே வேகம் கூட்டும், இல்லையென்றால் குறைக்கும். முன்பு இளைஞர்கள் கையால் செய்த ஓவர்க்ளாக்கிங்கை இப்போது சில்லே செய்கிறது. ஆகவே நீங்கள் எந்த வேகம் பெறுகிறீர்கள் என்பதைக் கூலரும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

இதே காலத்தில்தான் பெட்டிகள் காலியாகின. 2015இல் ஐ7-6700கே கூலர் இல்லாமல் வந்தது. ஏஎம்டி 2017இல் ரைசன் 7 1700உடன் நல்ல ரெய்த் ஸ்பயர் கூலரைக் கொடுத்துப் பெயர் வாங்கியது. 2020இல் ரைசன் 7 5800எக்ஸ் பெட்டியில் கூலர் இல்லை. நிறுவனங்களின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: இத்தகைய ப்ராசஸர் வாங்குகிறவர்கள் பலர் ஸ்டாக் கூலரைப் பெட்டியிலேயே விட்டுவிடுவார்கள். ஆனால் குளிர்விக்கும் செலவு வாங்குகிறவர் தலையில் முழுதாக வந்தது.

கூலர் வரும் பெட்டிகளில் இன்னொரு சிக்கல். 2022 ஜனவரியில் வந்த இன்டெல் ஐ9-12900ஐப் பாருங்கள். அடிப்படை மின்சாரம் 65 வாட். டர்போவில் 202 வாட் வரை போகும். ஸ்டாக் கூலரும் உடன் வரும். அந்தக் கூலர் 65 வாட் என்ற வாக்கைக் காப்பாற்றும். 202 வாட்டில் நெடுநேரம் ஓட்ட அதனால் முடியாது. ப்ராசஸர் கெடாது, மெதுவாகும். ஏஎம்டியிலும் 65 வாட் என்று எழுதியிருப்பது 88 வரை போகலாம்; 105 என்பது 142 வரை.

அப்படியானால் என்ன செய்வது?

பெட்டியில் உள்ள சிறிய எண்ணை விட்டு, உச்ச மின்சார அளவைத் தேடுங்கள். அது 90 வாட்டுக்குள் இருந்து, நீங்கள் படிக்க, எழுத, விளையாட மட்டும் பயன்படுத்தினால் ஸ்டாக் கூலரோடு தொடங்குங்கள்.

பிறகு அளந்து பாருங்கள். சூட்டையும் வேகத்தையும் காட்டும் இலவச மென்பொருள்கள் உண்டு. ஒரு கனமான வேலையை அரை மணி நேரம் ஓட்டி, இரண்டு எண்களையும் சேர்த்தே கவனியுங்கள். சூடு மட்டும் அதிகம், வேகம் குறையவில்லை என்றால் பயப்பட வேண்டாம். 2022இன் ரைசன் 7000 ப்ராசஸர்கள் முழு வேலையில் 95 டிகிரி வரை போகவே வடிவமைக்கப்பட்டவை. சூடு உச்சத்தில் நின்று, வேகமும் விழுந்தால் கூலர் போதவில்லை. இரண்டும் சரி, சத்தம்தான் தாங்கவில்லை என்றால் அதுவும் மாற்றுவதற்கு நல்ல காரணம்தான்.

மாற்றுவதானால் 150 டாலருக்குத் தாவ வேண்டாம். தெர்மல்ரைட் போன்ற நிறுவனங்களின் 2 கோபுரக் கூலர்கள் 40 டாலர் அளவிலேயே கிடைக்கின்றன. வாங்குமுன் உங்கள் கேஸுக்குள் எவ்வளவு உயரக் கூலர் நுழையும், மதர்போர்டின் சாக்கெட்டுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். ஸ்டாக் கூலர் அந்த ப்ராசஸரோடு போய்விடும். நல்ல தனிக் கூலரைப் புதிய சாக்கெட்டுக்கான கொக்கி கிடைத்தால் அடுத்த கணினிக்கும் கொண்டுபோகலாம். மாட்டும்போது அடித்தகட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தை உரிக்க மறக்காதீர்கள்.