நீலநாக்கு அரணைக் கூண்டு

நீலநாக்கு அரணைக் கூண்டு என்பது டிலிக்குவா பேரினத்தைச் சேர்ந்த அரணைகளை வீட்டில் வளர்ப்பதற்காக, வெப்பம், ஒளி, ஈரப்பதம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தி அமைக்கப்படும் பெட்டி அல்லது அடைப்பு ஆகும். ஆஸ்திரேலியாவில் ஊர்வன வளர்க்கத் தொடங்குவோர் பலர் முதலில் நாடுவது இவ்வரணையையே. இது பகலில் நடமாடும் தரைவாழ் விலங்கு. உடல் தடித்தது, கால்கள் குட்டையானவை, ஏறுவதில் திறன் குறைவு. ஆகவே இதன் கூண்டில் உயரத்தைவிடத் தரைப்பரப்பே முதன்மையானது.

வகைப்பாடும் வாழிடமும்

எந்தக் கூண்டு பொருந்தும் என்பதை இனமே முடிவு செய்கிறது. ஜான் எட்வர்டு கிரே இப்பேரினத்துக்கு 1825இல் பெயரிட்டார். எனினும் இதன் முதன்மை இனமான டிலிக்குவா சின்காய்டிஸ் அதற்கு முன்பே அறியப்பட்டிருந்தது. சிட்னிக்குச் சென்ற முதல் குடியேற்றக் கப்பல் தொகுதியின் தலைமை மருத்துவர் ஜான் ஒயிட் 1790இல் வெளியிட்ட பயண நூலிலேயே அதன் விவரிப்பு இடம்பெற்றது. இவ்வினத்தில் மூன்று துணையினங்கள் உள்ளன: ஆஸ்திரேலியாவின் கிழக்கிலும் தென்கிழக்கிலும் வாழும் கிழக்கு வகை, வடபகுதியில் வாழும் வடக்கு வகை, இந்தோனேசியாவின் தனிம்பார் தீவுகளில் வாழும் வகை. கடைசித் துணையினம் 2000ஆம் ஆண்டில்தான் விவரிக்கப்பட்டது.

நியூகினியிலும் அதை அடுத்த இந்தோனேசியத் தீவுகளிலும் வாழும் டி. கிகாஸ் ஈரக்காட்டு விலங்கு. தாஸ்மானியா, விக்டோரியா ஆகியவற்றின் குளிர்ப்பகுதிகளில் டி. நைக்ரோலூட்டியா வாழ்கிறது. டி. மல்டிபாசியாட்டா, டி. ஆக்சிபிடாலிஸ் ஆகியவை வறண்ட உள்நாட்டுக்குரியவை. பைன் காய் போன்ற தடித்த செதில்களை உடைய டி. ருகோசா முன்பு டிராக்கிடோசாரஸ் என்னும் தனிப் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. இவற்றுள் மிகச் சிறியதான டி. அடிலெய்டென்சிஸ் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு, 1992இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் பர்ரா ஊருக்கு அருகே இறந்து கிடந்த பாம்பின் வயிற்றிலிருந்து மீண்டும் தெரியவந்தது. சிலந்தி வளைகளில் வாழும் இந்த அருகிய இனம் வீட்டு வளர்ப்புக்கு உரியதன்று.

இந்த வேறுபாடு கூண்டின் ஈரப்பதத்தில் நேரடியாக எதிரொலிக்கிறது. கிழக்கு வகைக்கு 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம் போதும். நியூகினி வகைக்கு 60 விழுக்காட்டுக்கு மேல் வேண்டும். வறள்நில இனங்களை அத்தகைய ஈரத்தில் வைத்தால் மூச்சுக்குழாய் நோயும் தோல் அழுகலும் வரும். மாறாக, ஈரம் போதாத கூண்டில் தோல் முழுமையாக உரியாது. விரல்களில் வளையம்போல் தங்கும் பழைய தோல் இறுகி, இரத்த ஓட்டத்தைத் தடுத்து, விரல் நுனியே உதிர்ந்துபோகச் செய்யும்.

வரலாறு

கண்ணாடிக்குள் உயிர் வளர்க்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டு இலண்டனில் வலுப்பெற்றது. நதானியேல் பாக்ஷா வார்டு என்னும் மருத்துவர் பெரணிகளுக்காக உருவாக்கிய மூடிய கண்ணாடிப் பெட்டி, அதுபற்றி அவர் 1842இல் எழுதிய நூலால் புகழ்பெற்றது. 1849இல் இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் ஊர்வனவற்றுக்கெனத் தனி இல்லம் திறக்கப்பட்டது. கூண்டு முழுவதையும் ஒரே சூட்டில் வைக்காமல், ஒரு பகுதியை மட்டும் வெப்பமாக்கும் முறை அங்கே 1927இல் திறக்கப்பட்ட புதிய ஊர்வன இல்லத்தில் மின்வெப்பத்தின் துணையுடன் முறையாகச் செயல்பட்டது. அதை வடிவமைத்தவர் காட்சிசாலையின் ஊர்வனப் பிரிவுப் பொறுப்பாளர் ஜோன் பீச்சம் புரோக்டர். இன்றைய வீட்டுக்கூண்டின் வெப்பச்சரிவும் இதே கருத்தில் அமைந்ததுதான்.

அளவு

முழு வளர்ச்சியடைந்த கிழக்கு அல்லது வடக்கு வகை அரணை ஏறத்தாழ 60 செ.மீ. வரை நீளும். அதற்கு 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் கொண்ட கூண்டு குறைந்தபட்சமாகப் பரிந்துரைக்கப்படுகிறது. சிட்னிப் புறநகரில் வானொலிக் கருவி பொருத்தி ஆராயப்பட்ட அரணைகள், சில மறைவிடங்களுக்கே மீண்டும் மீண்டும் திரும்பின. எனவே கூண்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு மறைவிடம் இன்றியமையாதது. ஒரு கூண்டில் ஓர் அரணையே இருக்க வேண்டும். இடத்தை மிச்சப்படுத்த இரண்டைச் சேர்த்து வைக்கும் கவனமற்ற வழக்கம் கால், வால் காயங்களில் முடிகிறது.

பொருளும் வெப்பமும்

மரப்பலகை, மெலமைன், பிவிசி ஆகியவற்றால் ஆன, முன்புறம் திறக்கும் பெட்டி வெப்பத்தை நன்கு காக்கும். நான்கு புறமும் கண்ணாடியான மீன்தொட்டி வெப்பத்தை இழப்பதுடன், விலங்குக்கு மறைவு உணர்வையும் தருவதில்லை. தடையைக் கண்ணால் அறியாத அரணை மூக்கைக் கண்ணாடியில் உரசி உரசிப் புண்ணாக்கிக்கொள்ளும். மேலிருந்து நீளும் கையைப் பறவை என்று அஞ்சி, சீறி நாக்கை நீட்டுவதும் உண்டு.

வெயில் காயும் மூலையில் தரையின் சூடு 35 முதல் 40 பாகை செல்சியசும், மறுமுனையில் 25 பாகையை ஒட்டியும் இருக்க வேண்டும். வெப்ப விளக்கைத் தெர்மோஸ்டாட்டுடன் இணைத்து, அரணை தொட முடியாதபடி கம்பிக்கூடு இட வேண்டும். மின்சூட்டுக் கல் அடிவயிற்றைச் சுட்டுவிடும். சாதாரணக் கண்ணாடி புறஊதா-பி கதிரைத் தடுப்பதால், சன்னலோர வெயில் புறஊதா விளக்குக்கு ஈடாகாது. தரையில் தென்னை நார்த்தூள், சைப்ரஸ் மரச்சிராய், செய்தித்தாள் ஆகியவற்றுள் ஒன்றைப் பரப்பலாம். செடார் மரத்தூளின் நெடி நுரையீரலுக்குக் கேடு.

வெளிப்புற அடைப்பு

தட்பவெப்பம் ஒத்த ஆஸ்திரேலியப் பகுதிகளில், வழுவழுப்பான சுவருடன் தோட்டத்திலும் அடைப்பு அமைக்கின்றனர். நிழல், மழைநீர் வடிகால், குளிர்கால ஒதுங்கிடம் ஆகியவை அதற்குத் தேவை. பூனையும் குக்கபராப் பறவையும் நுழையாதபடி மேலே வலை கட்டுவர். அருகில் நத்தைக் கொல்லி மருந்து தூவக் கூடாது. நத்தை அரணைகளின் விருப்ப உணவு.

இன்றைய நிலை

ஆஸ்திரேலிய மாநிலங்கள் வளர்ப்புக்கு வெவ்வேறு உரிம விதிகளைக் கொண்டுள்ளன. நியூ சவுத் வேல்சில் உரிமம் கட்டாயம். கூண்டு அளவுக்கான நெறிமுறையும் அங்கே உண்டு. உயிருள்ள உள்நாட்டு ஊர்வனவற்றை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய அந்நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை.